ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து: முதல் முறை போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜெர்மன் பேசும் இந்த மூன்று நாடுகளிலும் ரயில் நிலையங்களில் பொதுவாகத் தடுப்புக் கதவு கிடையாது. டிக்கெட் இல்லாமலும் ஏறலாம், தப்பான டிக்கெட்டோடும் ஏறலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். பரிசோதகர் வந்த பிறகுதான் அபராதம். கடை, ஓட்டல், கோட்டை எல்லாவற்றிலும் ஏறக்குறைய இதே கதைதான். விதி எங்கோ எழுதியிருக்கும், தெரிந்துகொள்வது நம் பொறுப்பு. கீழே உள்ள பதில்களில் பாதி அந்த மாதிரி விதிகளைப் பற்றியவை.

மூன்று நாடுகளையும் ஒரே பயணத்தில் பார்க்க முடியுமா?

முடியும், ஆனால் பத்து நாளுக்குக் குறைவாக இருந்தால் வேண்டாம். ஓட்டல் மாறும் ஒவ்வொரு முறையும் அரை நாள் போய்விடும். பெட்டி கட்டுவது, அறையைக் காலி செய்வது, ரயில், மதியம் மூன்று மணிக்குத்தான் கிடைக்கும் புது அறை என்று நேரம் கரையும். எட்டு நாளில் ஆறு ஊர் என்று திட்டம் போடுகிறவர்கள் ஆறு ரயில் நிலையங்களைப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

ஒன்பது இரவுக்கு நன்றாகப் பொருந்துவது மியூனிக்கில் 4, சால்ஸ்பர்க்கில் 2, வியன்னாவில் 3. மியூனிக்கிலிருந்து சால்ஸ்பர்க் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், அங்கிருந்து வியன்னா சுமார் இரண்டரை மணி நேரம். மியூனிக்கில் இறங்கி வியன்னாவிலிருந்து திரும்பும்படி விமான டிக்கெட் எடுத்தால் வந்த வழியே திரும்பும் ஒரு நாள் மிச்சம்.

பனிமலைதான் முக்கியம் என்றால் வியன்னாவை விட்டுவிட்டு, மியூனிக்கிலிருந்து நேரடி ரயிலில் நான்கு மணி நேரத்துக்குள் சூரிச் போய், லூசர்னிலோ இன்டர்லாக்கனிலோ நான்கு இரவு தங்குங்கள். பெர்லினும் கொலோனும் நல்ல ஊர்கள்தான். ஆனால் மியூனிக்கிலிருந்து பெர்லின் மிக வேகமான ரயிலிலேயே ஏறக்குறைய நான்கு மணி நேரம். அவற்றை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

எந்த மாதம் போகலாம்?

மே நடுவிலிருந்து ஜூன் முடிய, அல்லது செப்டம்பர். ஜூலை, ஆகஸ்டில் எல்லாம் திறந்திருக்கும். கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும். பலரும் தவறுவது நவம்பரிலும் ஏப்ரலிலும்தான். அந்த இரண்டு பருவங்களிலும் மலை ரோப்கார்கள் பல, பராமரிப்புக்காகச் சில வாரம் மூடப்படும். விலை குறைவு என்று நவம்பர் முதல் வாரம் ஆல்ப்ஸுக்குப் போனால் மூடுபனியும் பூட்டிய நிலையமும்தான் மிச்சம்.

கிறிஸ்துமஸ் சந்தைகளுக்கென்றே போகிறவர்கள் நவம்பர் கடைசி வாரம் முதல் டிசம்பர் 23 வரை திட்டமிட வேண்டும். ட்ரெஸ்டனில் 1434 முதல் சந்தை நடக்கிறது. நூரம்பெர்க் சந்தையும் பெயர் பெற்றது. டிசம்பர் 24 மதியம் இரண்டு மணிக்கு மேல் கடைகள் மூடிவிடும், 25, 26 இரண்டு நாளும் விடுமுறை. மியூனிக் அக்டோபர்ஃபெஸ்ட், பெயர் அப்படி இருந்தாலும், செப்டம்பர் நடுவிலேயே தொடங்கி அக்டோபர் முதல் வாரத்தில் முடியும். பீர் திருவிழாவுக்குப் போகவில்லையென்றால் அந்த இரண்டு வாரம் மியூனிக்கில் அறை எடுக்காதீர்கள். வாடகை சில மடங்கு ஏறும்.

விசா ஒன்று போதுமா? எங்கே விண்ணப்பிப்பது?

மூன்று நாடுகளும் ஷெங்கன் பகுதிதான், ஒரே விசா போதும். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஆனாலும் ஷெங்கனில் 2008 முதல் இருக்கிறது. எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. முதல் சந்திப்புத் தேதி எங்கே காலியாக இருக்கிறதோ அந்த நாட்டுக்கு விண்ணப்பித்துவிட்டு, ஓட்டல் பதிவை வேறு மாதிரி காட்டுவது நிராகரிப்பை நாமே வரவழைத்துக்கொள்வது.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு 15 நாள். கோடை விடுமுறைக்கு இரண்டு, மூன்று மாதம் முன்பே சந்திப்பு நேரம் எடுத்துவிடுங்கள். கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, அதற்குக் கீழே இலவசம். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பாஸ்போர்ட் பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும், திரும்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதம் செல்லுபடியாவதாகவும், இரண்டு பக்கம் காலியாகவும் இருக்க வேண்டும். காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் முழுவதுக்கும், தங்கும் எல்லா நாளுக்கும் இருக்க வேண்டும். காப்பீட்டுத் தேதி ஒரு நாள் குறைந்தாலும் சிக்கல்தான். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் வங்கிக் கணக்கில் திடீரென்று வந்து விழுந்த பெருந்தொகையும் சந்தேகத்தைக் கிளப்பும்.

நடுவில் லண்டன் போய்த் திரும்புவதாக இருந்தால் பலமுறை நுழையும் விசா கேளுங்கள். 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் கணினிப் பதிவு முறை தொடங்கியிருப்பதால் முதல் நுழைவில் முகப்படம் எடுப்பார்கள், வரிசை நீளும். இறங்கியதும் அடுத்த ரயிலுக்கு இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

ஜெர்மனியில் ரயில் டிக்கெட் எப்படி எடுப்பது?

ஜெர்மன் ரயில்வேயின் டிபி நேவிகேட்டர் செயலி போதும். இடைத்தரகர் தளங்கள் தேவையில்லை. ஐசிஇ, ஐசி என்று தொடங்குபவை தொலைதூர ரயில்கள். ஆர்இ, ஆர்பி, எஸ் என்று தொடங்குபவை உள்ளூர், வட்டார ரயில்கள். இந்த வேறுபாடு தெரியாமல்தான் பெரும்பாலான அபராதங்கள் விழுகின்றன.

தொலைதூர ரயிலில் மலிவு டிக்கெட்டுக்கு ஷ்பார்பிரைஸ் என்று பெயர். முன்கூட்டியே எடுத்தால் விலை பாதிக்கும் கீழே இறங்கும், ஆனால் குறிப்பிட்ட ரயிலில் மட்டுமே செல்லும். தவறவிட்டால் டிக்கெட் வீண். எந்த ரயிலிலும் ஏறலாம் என்பது ஃப்ளெக்ஸ்பிரைஸ், விலை அதிகம். டிக்கெட் எடுத்தாலே இருக்கை கிடைத்துவிடாது! இருக்கைக்குத் தனியாகச் சுமார் 5 யூரோ கட்டிப் பதிவு செய்ய வேண்டும். வெள்ளி மாலை, ஞாயிறு மதியம் பயணமென்றால் கட்டாயம் பதிவு செய்யுங்கள். இல்லையென்றால் பெட்டியோடு இரண்டு மணி நேரம் நிற்க நேரும். 14 வயது வரை குழந்தைகளுக்குப் பெரியவர் டிக்கெட்டோடு பயணம் இலவசம், ஆனால் டிக்கெட் எடுக்கும்போதே அவர்களையும் சேர்த்திருக்க வேண்டும்.

மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்துக்குள் சுற்ற, பயர்ன் டிக்கெட் என்ற ஒரு நாள் டிக்கெட்டைப் போல் லாபமானது இல்லை. ஒரு நாளுக்கு ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட். வார நாளில் காலை 9 மணிக்கு மேல், சனி ஞாயிறில் நாள் முழுக்க. மறுநாள் அதிகாலை 3 மணி வரை செல்லும். எல்லை தாண்டி சால்ஸ்பர்க் வரைகூடப் போகலாம். ஆனால் வட்டார ரயிலில் மட்டும்தான். அதே தண்டவாளத்தில் ஓடும் ரயில்ஜெட் என்ற ஆஸ்திரிய விரைவு ரயிலில் ஏறினால் செல்லாது. பயணிகளின் பெயரைப் பேனாவால் எழுதாமல் காட்டினாலும் செல்லாது.

மாதம் முழுக்க வட்டார ரயிலிலும் நகரப் பேருந்திலும் செல்லும் டாய்ச்லான்ட் டிக்கெட்டின் விலை 2026 ஜனவரி முதல் 63 யூரோ. இது சந்தா. அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதமும் பணம் பிடிப்பார்கள். ஊர் திரும்பிய பிறகுதான் பலருக்கு இது தெரியவருகிறது.

ஜெர்மன் ரயில் என்றால் நேரம் தவறாது என்கிறார்களே?

அது பழைய பெருமை. 2024-இல் தொலைதூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன, அதுவும் ஆறு நிமிடத்துக்குக் குறைவான தாமதத்தை "நேரம்" என்று கணக்கிட்டு. நேரத்துக்கு ஓடுவது சுவிஸ் ரயில்தான்.

ஆகவே ரயில் மாறுவதற்குச் செயலி காட்டும் ஏழு நிமிட இடைவெளியை நம்பாதீர்கள், அரை மணியாக நீட்டுங்கள். விமானத்துக்குப் போகும் நாளில் ஒரு ரயில் முன்னதாகவே கிளம்புங்கள். போய்ச் சேரும் இடத்தில் 20 நிமிடத்துக்கு மேல் தாமதமாகும் என்று தெரிந்துவிட்டால் ஷ்பார்பிரைஸ் டிக்கெட்டின் கட்டு தளர்ந்துவிடும். வேறு ரயிலில் ஏறலாம். ஒரு மணி தாமதத்துக்கு டிக்கெட் விலையில் 25 சதவீதம், இரண்டு மணிக்கு 50 சதவீதம் திரும்பக் கிடைக்கும். மூன்று மாதத்துக்குள் செயலியிலேயே கேட்கலாம்.

பிளாட்பாரத்தில் எங்கே நிற்பது?

நடைமேடை ஏ, பி, சி என்று பகுதிகளாகப் பிரிந்திருக்கும். உங்கள் பெட்டி எண் எந்தப் பகுதியில் நிற்கும் என்று பலகையிலும் செயலியிலும் வரும். பெரிய நிலையத்தில் ரயில் சில நிமிடமே நிற்கும். நானூறு மீட்டர் நீள ரயிலில் கடைசிப் பெட்டிக்குச் சூட்கேஸோடு ஓட முடியாது. பெட்டி வரிசை தலைகீழாக வருவதும் உண்டு, அதை அறிவிப்பில் சொல்வார்கள்.

இன்னொரு பொறி: சில ரயில்கள் நடுவழியில் இரண்டாகப் பிரியும். பெர்லினிலிருந்து மேற்கே போகும் ஐசிஇ ஹம் நிலையத்தில் பிரிந்து ஒரு பாதி கொலோனுக்கும் மறு பாதி டியூசல்டார்ஃபுக்கும் போகும். பெட்டியின் கதவுப் பலகையில் உங்கள் ஊர் பெயர் இருக்கிறதா என்று பார்த்து ஏறுங்கள். ஹம் என்றதும் நினைவுக்கு வருவது, ஈழத் தமிழர்கள் எழுப்பி 2002-இல் குடமுழுக்கு நடத்திய காமாட்சி அம்பாள் கோயில். ராஜகோபுரத்தோடு ஊருக்கு வெளியே ஊன்ட்ராப் பகுதியில் இருக்கிறது. கோடைத் தொடக்கத்தில் தேர்த் திருவிழா.

நகரத்துக்குள் மெட்ரோ, டிராம் டிக்கெட்டில் என்ன கவனிக்க வேண்டும்?

மியூனிக், பெர்லின் போன்ற ஊர்களில் இயந்திரத்தில் எடுத்த ஒற்றைப் பயண டிக்கெட்டை, ஏறுவதற்கு முன் நடைமேடையிலோ அதன் வாசலிலோ இருக்கும் சிறு பெட்டியில் நுழைத்து முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட்டும் டிக்கெட் இல்லாததும் ஒன்றே: அபராதம் 60 யூரோ. "வெளிநாட்டுப் பயணி, தெரியாது" என்பது எடுபடாது. செயலியில் எடுத்தால் முத்திரை வேண்டாம். பெர்லின் விமான நிலையம் சி மண்டலத்தில் இருக்கிறது. ஏ, பி மண்டலங்களுக்கு மட்டுமான டிக்கெட்டோடு அங்கே இறங்கினாலும் அபராதம்தான்.

ஓட்டலில் கெஸ்ட் கார்டு உண்டா என்று கேளுங்கள், அவர்களாகச் சொல்ல மறந்துவிடுவார்கள். சுவிஸின் பாசலிலும், ஜெர்மனியின் பிளாக் ஃபாரஸ்ட் ஊர்கள் பலவற்றிலும், 2025 மே முதல் சால்ஸ்பர்க் மாநிலத்திலும், தங்குகிறவர்களுக்கு உள்ளூர்ப் போக்குவரத்து இலவசம். சுற்றுலா வரியாக நம்மிடம் வாங்கும் பணத்தில்தான் அதைத் தருகிறார்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை.

சுவிஸ் டிராவல் பாஸ் லாபமா?

தினமும் ஊர் மாறி ஊர் சுற்றினால் லாபம். ரயில், பேருந்து, ஏரிப் படகு, 500-க்கு மேற்பட்ட அருங்காட்சியகங்கள் எல்லாம் அடங்கும். ரிகி மலையும் இலவசம். ஒரே ஊரில் தங்கி இரண்டு மலை மட்டும் ஏறுவதானால் அரைக் கட்டண அட்டையே நல்லது. காரணம், விலை உயர்ந்த யுங்ஃப்ராயோக் மலைக்குப் பாஸில் 25 சதவீதம்தான் தள்ளுபடி, அரைக் கட்டண அட்டையில் பாதி. பெற்றோருடன் வரும் 6 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்குக் குடும்ப அட்டை இலவசம். பாஸ் வாங்கும்போது கேட்டால்தான் தருவார்கள்.

யுங்ஃப்ராயோக் போக எப்படித் திட்டமிடுவது?

உயரம் 3,454 மீட்டர், கோடையில் முழுக் கட்டணம் 200 பிராங்கைத் தாண்டும். ஆகவே தேதியை முன்கூட்டியே பூட்டாதீர்கள். இன்டர்லாக்கன் பக்கம் மூன்று, நான்கு இரவு தங்கி, அன்றாடம் காலையில் மலை உச்சியின் நேரடிக் கேமராவைப் பார்த்து, தெளிந்த நாளில் டிக்கெட் வாங்குங்கள். மேகம் மூடிய நாளில் மேலே தெரிவது வெள்ளைச் சுவர் மட்டுமே. கிரின்டெல்வால்டிலிருந்து 2020 டிசம்பரில் திறந்த ஐகர் எக்ஸ்பிரஸ் ரோப்கார் 15 நிமிடத்தில் பனியாறு நிலையத்தில் விடும். அங்கிருந்து மலையைக் குடைந்த சுரங்கத்தில் ரயில். மேலே போனதும் ஓடாதீர்கள், தலை சுற்றும். தண்ணீர் குடித்து மெதுவாக நடந்தால் போதும். கோடையிலும் மேலே பூஜ்ஜியத்துக்குப் பக்கம்தான் வெப்பநிலை. ஸ்வெட்டர் மட்டும் போதாது, காற்றுத் தடுக்கும் மேலாடையும் குளிர்க் கண்ணாடியும் வேண்டும்.

நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்கு ஒரு நாளில் போய் வரலாமா?

மியூனிக்கிலிருந்து போய் வரலாம், ஆனால் நாள் முழுக்க ஆகும். ஃப்யூசன் வரை ரயிலில் இரண்டு மணி நேரம், அங்கிருந்து 73 அல்லது 78 எண் பேருந்து. இரண்டுக்கும் பயர்ன் டிக்கெட் செல்லும். அடிவாரத்திலிருந்து கோட்டை வாசலுக்கு ஏற்றத்தில் 30–40 நிமிட நடை. நுழைவுச் சீட்டில் நிமிடக் கணக்கில் நேரம் இருக்கும், தவறினால் உள்ளே விடமாட்டார்கள். 9 மணிக்கு மேல் கிளம்பும் ரயிலில் போகிறவர்கள் பிற்பகல் ஒரு மணிக்கு முந்தைய நேரத்தை எடுக்க வேண்டாம். கோடையில் சீட்டு பல நாள் முன்பே தீரும். இணையத்தில் தீர்ந்துவிட்டால் அடிவாரக் கவுன்டரில் அன்றைக்கு மிச்சமிருப்பதைத் தருவார்கள், காலையிலேயே போயாக வேண்டும்.

உள்ளே வழிகாட்டியோடு அரை மணி நேரச் சுற்று, படம் எடுக்கத் தடை. வெளியே மரியன் பாலத்திலிருந்து தெரியும் காட்சிதான் எல்லோரும் பார்த்த அந்தப் படம். பனி உறைந்தால் பாலத்தை மூடிவிடுவார்கள். இரண்டாம் லுட்விக் மன்னர் 1869-இல் தொடங்கிய கோட்டை, 1886-இல் அவர் இறந்தபோதும் முடிந்திருக்கவில்லை. சீட்டு கிடைக்காவிட்டால் வருந்த வேண்டாம், இதன் அழகு வெளியேதான்.

ஆஸ்திரியாவின் ஏரிக்கரை ஊர் ஹால்ஷ்டாட்டுக்குப் போகலாமா?

போகலாம், ஆனால் அங்கே ஒரு இரவு தங்கினால்தான் அருமை தெரியும். பகலில் சுற்றுலாப் பேருந்துக் கூட்டம். சால்ஸ்பர்க்கிலிருந்து ஆட்நாங்–புகைமில் ரயில் மாறிப் போனால் நிலையம் ஏரியின் எதிர்க்கரையில் இருக்கும். ஊருக்குப் படகு, கடைசிப் படகு மாலையிலேயே போய்விடும், நேரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

சைவ உணவு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் பெயரை நம்பக் கூடாது. காய்கறி சூப் மாட்டிறைச்சிச் சாற்றில் வெந்திருக்கலாம். ஃப்ளாம்குகன் என்ற மெல்லிய ரொட்டியிலும் ரோஸ்டி என்ற உருளைக்கிழங்கு வறுவலிலும் பன்றி இறைச்சித் துண்டு இருக்கலாம். மிட்டாய்களில் ஜெலட்டின் இருக்கலாம். பிரெட்சலில் சில கடைகளில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள். "ஓனே ஃப்ளைஷ், ஓனே ஃபிஷ்" என்றால் இறைச்சி, மீன் இல்லாமல். முட்டையும் வேண்டாமென்றால் "ஓனே அய்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முட்டை சைவக் கணக்கில்தான் வரும். கேஸ்ஷ்பெட்ஸ்ல என்ற சீஸ் நூடுல்ஸ், கைசர்ஷ்மாரன் என்ற இனிப்பு அப்பம் இரண்டிலும் முட்டை உண்டு.

எளிய வழி சூப்பர்மார்க்கெட். வீகன் முத்திரை தெளிவாக இருக்கும். டோனர் என்ற துருக்கிய கபாப் கடைகளில் ஃபலாஃபல் என்ற கொண்டைக்கடலை வடை கிடைக்கும். சூரிச், பெர்ன், பாசல் ஊர்களில் ஈழத் தமிழர் மளிகைக் கடைகளில் இடியாப்ப மாவு முதல் முருங்கைக்காய் வரை கிடைக்கும். பெர்ன் ஐரோப்பாபிளாட்ஸில் 2014-இல் திறந்த சமயங்களின் இல்லத்தில் ஒரு சைவக் கோயிலும் உண்டு.

தண்ணீர், கழிப்பறை?

குழாய்த் தண்ணீர் மூன்று நாட்டிலும் குடிக்கத் தகுந்தது. பாட்டில் கொண்டு போய் நிரப்பிக்கொள்ளுங்கள். உணவகத்தில் வெறுமனே தண்ணீர் கேட்டால் சோடா வரும், "ஷ்டில்லஸ் வாசர்" என்று கேட்க வேண்டும். ஜெர்மனியிலும், 2025 முதல் ஆஸ்திரியாவிலும், பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் கேனுக்கும் 25 சென்ட் முன்பணம் சேர்த்து வாங்குவார்கள். கசக்காமல் சூப்பர்மார்க்கெட் இயந்திரத்தில் போட்டால் ரசீது வரும், கவுன்டரில் காசாக்கலாம். நிலையக் கழிப்பறைகளுக்கு ஒரு யூரோ வரை கேட்பார்கள். ரயிலில் இலவசம், இறங்குவதற்கு முன் போய்விடுவதே சிக்கனம்.

ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது?

கடைகள் அடைப்பு. சூப்பர்மார்க்கெட்டும் துணிக்கடையும் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையக் கடைகள் திறந்திருக்கும், பேக்கரிகள் காலையில் சில மணி நேரம். சனிக்கிழமை மாலையே பாலும் ரொட்டியும் வாங்கி வையுங்கள். அருங்காட்சியகங்கள் ஞாயிறு திறந்து, பல திங்களன்று மூடும்.

பணம் எப்படி எடுத்துப் போவது?

ஜெர்மனி, ஆஸ்திரியாவில் யூரோ, சுவிஸில் பிராங்க். சுவிஸ் கடைகள் சில யூரோ வாங்கினாலும் மீதியைப் பிராங்கில், தங்களுக்குச் சாதகமான கணக்கில் தரும். ஜெர்மனியில் சின்ன உணவகம், சந்தைக் கடைகளில் கார்டு வாங்காத இடங்கள் இன்னும் உண்டு. ஆளுக்கு 50 யூரோ சில்லறை நோட்டாக வைத்திருங்கள். ஏடிஎம்மில் "உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கட்டுமா" என்று கேட்டால் மறுத்துவிடுங்கள், அந்த மாற்று விகிதம் மோசம்.

டிப்ஸ் 5 முதல் 10 சதவீதம், சுவிஸில் கட்டாயமே இல்லை. மேசையில் விட்டுப் போக மாட்டார்கள். 27 யூரோ பில்லுக்கு "முப்பது" என்று சொல்லிக் கொடுத்தால் முடிந்தது.

ஓட்டல் அறையில் என்ன வேறுபாடு?

குளிர்சாதனம் இல்லாத அறைகள் ஏராளம், ஜூலையில் 30 டிகிரி தாண்டும் நாட்களிலும். தரைத்தளத்துக்கு மேல்தான் முதல் மாடி, மின்தூக்கி இல்லாத பழைய கட்டடங்களும் உண்டு. சிறு விடுதிகளில் இரவு வரவேற்பாளர் இருக்க மாட்டார், தாமதமாக வருவதை முன்பே எழுதித் தெரிவித்தால் சாவிப் பெட்டியின் எண்ணைத் தருவார்கள்.

செல்போன் சார்ஜரின் மெல்லிய இரண்டு முள் பிளக் மூன்று நாட்டிலும் பொருந்தும். இந்தியாவின் தடித்த மூன்று முள் பிளக் எங்கும் பொருந்தாது. ஜெர்மன் அடாப்டரின் உருண்டை பிளக் சுவிஸ் குழிக்குள் போகாது, ஆகவே இரண்டு வகையும் வாங்குங்கள்.

கார் எடுக்கலாமா?

நகரங்களுக்கு வேண்டாம், கிராமப்புற ஆல்ப்ஸுக்கு உதவும். சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே எடுத்துச் செல்லுங்கள். ஜெர்மனியில் காருக்குச் சுங்கம் இல்லை. ஆஸ்திரிய நெடுஞ்சாலைக்கு ஒரு நாள், பத்து நாள் வின்யெட் (சுங்க அனுமதி வில்லை) உண்டு; சுவிஸில் 40 பிராங்க் ஆண்டு வின்யெட் மட்டும்தான். எல்லையைத் தாண்டுவதற்கு முன் வாங்கிவிட வேண்டும். ஜெர்மனியிலும் சுவிஸிலும் 12 வயதுக்குக் கீழ், 150 செ.மீ.க்குக் குறைந்த குழந்தைக்குச் சிறப்பு இருக்கை கட்டாயம். மடியில் வைத்துப் போக முடியாது.

காய்ச்சல், தலைவலி வந்தால்?

பாராசிட்டமால்கூட மருந்துக்கடையில்தான் கிடைக்கும், சூப்பர்மார்க்கெட்டில் அல்ல. ஆன்டிபயாடிக் மருந்துச் சீட்டின்றி வராது. வழக்கமாகச் சாப்பிடும் மருந்தை மருத்துவர் சீட்டோடு எடுத்துச் செல்லுங்கள். ஞாயிறிலும் இரவிலும் முறை வைத்து ஒரு கடை திறந்திருக்கும். மூடிய கடையின் கதவில் அதன் முகவரி ஒட்டியிருக்கும். அவசரத்துக்கு 112. உயிர் ஆபத்தில்லாத நோய்க்கு ஜெர்மனியில் 116117.

ஊரிலிருந்து என்ன கொண்டு போகக் கூடாது?

இறைச்சியும் பால் பொருளும் கூடாது; நெய்யும் பால் பொடியும் அதில் அடக்கம். பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம் போன்றவற்றுக்குத் தாவரநலச் சான்று வேண்டும். சான்றில்லாமல் அனுமதிப்பது வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன் ஐந்தும்தான். பொடி வகைகள், ஊறுகாய், அப்பளம் பிரச்சினையில்லை, நன்றாகக் கட்டினால் சரி.

வாங்கிய பொருளுக்கு வரி திரும்பக் கிடைக்குமா?

கிடைக்கும். ஒரே கடையில் ஒரே ரசீதில் ஜெர்மனியில் 50 யூரோவுக்கும் ஆஸ்திரியாவில் 75 யூரோவுக்கும் மேல் வாங்கியிருக்க வேண்டும். பணம் கட்டும்போதே படிவம் கேளுங்கள், பாஸ்போர்ட் காட்ட வேண்டும். பொருளைப் பயன்படுத்தாமல், பெட்டியைச் செக்-இன் செய்வதற்கு முன், சுங்க அதிகாரியிடம் காட்டி முத்திரை வாங்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறும் கடைசி இடத்தில்தான் அந்த முத்திரை. ஜெர்மனியில் வாங்கிவிட்டு சுவிஸ் வழியாக ஊர் திரும்புகிறவர்களுக்கு அந்தக் கடைசி இடம் சுவிஸ் எல்லை; சூரிச் விமான நிலையத்தில் முத்திரை கிடைக்காது. ரயில் எல்லையில் நிற்காமல் போய்விடுவதால் நிறையப் பேர் இந்தப் பணத்தை இழக்கிறார்கள். பெரிய தொகையென்றால் எல்லை நிலையத்தில் இறங்கிச் சுங்க அலுவலகத்தைத் தேடிப் போங்கள்.